நிலவுக்கல்லைப் படிப்பது எப்படி?

காட்சிப் பேழைக்குள் வைத்திருக்கும் நிலவுக்கல்லை முதன்முறையாகப் பார்ப்பவர்களில் பலர் ஏமாற்றத்தோடுதான் நகர்கிறார்கள். அது ஒளிர்வதில்லை, சாலை போடுவதற்காகக் குவித்த கருங்கல் ஜல்லியில் ஒன்றை எடுத்து விளக்கடியில் வைத்தது போலவே இருக்கிறது. குறை கல்லில் இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று பேழையின் பக்கத்தில் யாரும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் குறை. 1969 முதல் 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்களில் 12 பேர் நிலவில் இறங்கி, ஏறத்தாழ 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒரு துண்டை அருங்காட்சியகத்திலோ கணினித் திரையிலோ காண நேர்ந்தால் அதைப் படிக்கும் முறையைக் கீழே விளக்குகிறேன். பாறையியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும் சற்றுப் பொறுமையும் போதும்.

முதலில் எண்

கல்லைப் பார்ப்பதற்கு முன் அதன் எண்ணைப் பாருங்கள். அப்பல்லோ மாதிரிகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. அந்த எண்ணிலேயே கல்லின் பிறந்த ஊர் எழுதப்பட்டிருக்கிறது. 10 என்று தொடங்கினால் அப்பல்லோ 11. 12, 14, 15 என்று தொடங்குபவை முறையே அதே எண்ணுள்ள பயணங்களைச் சேர்ந்தவை. 6 என்று தொடங்கினால் அப்பல்லோ 16, 7 என்று தொடங்கினால் அப்பல்லோ 17. கடைசி இரண்டு பயணங்களில் இரண்டாம் இலக்கம் மாதிரி எடுத்த நிலையத்தைக் குறிக்கும். அது சுழியமாக இருந்தால் இறங்குகலத்தின் சுற்றுப்புறத்தில் கிடைத்தது என்று கொள்ளலாம்.

கடைசி இலக்கத்துக்கும் பொருள் உண்டு. அப்பல்லோ 15, 16, 17 ஆகியவற்றில் 0 என்று முடிந்தால் சலிக்காத மண்; 1 முதல் 4 வரை சல்லடையில் பிரித்த மண், எண் கூடக்கூடப் பரல் பெரிதாகும்; 5 முதல் 9 வரை ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல். எடுத்துக்காட்டாக 74220 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: அப்பல்லோ 17, நான்காம் நிலையம், சலிக்காத மண். ஷார்ட்டி என்னும் கிண்ணக்குழியின் விளிம்பில் விண்வெளி வீரர் ஹாரிசன் ஷ்மிட் கண்டு வியந்த ஆரஞ்சு நிற மண் இதுதான். 61016 என்றால் அப்பல்லோ 16, முதல் நிலையம், கல், 11.7 கிலோ எடையுள்ள இந்தக் கல்லே திரும்பி வந்தவற்றுள் மிகப் பெரியது, 'பிக் முலி' என்பது அதன் செல்லப்பெயர். இந்தக் கடைசி இலக்க விதியை முந்தைய பயணங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அப்பல்லோ 11இன் புகழ்பெற்ற மண் 10084; அந்த 4க்கு அப்படி ஒரு பொருளும் கிடையாது.

ஐந்து இலக்கத்துக்குப் பின் காற்புள்ளியும் இன்னொரு எண்ணும் இருந்தால், அது அந்தக் கல்லிலிருந்து வெட்டிய துண்டு. முதலில் பதிவான 2,196 மாதிரிகளும் அரை நூற்றாண்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரிந்துவிட்டன. ஆகவே நீங்கள் பார்க்கும் துண்டு முழுக்கல்லின் எந்தப் பகுதி என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு நாசாவின் இணைய மாதிரிப் பட்டியலில் தேடினால், அந்தக் கல்லின் ஒளிப்படங்களும் எடையும் வெட்டிய வரலாறும் கிடைத்துவிடும்.

படத்தில் நிற்கும் சிறு கனசதுரம்

திரையில் பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆய்வக ஒளிப்படங்களில் கல்லின் பக்கத்தில் ஒரு சிறிய கனசதுரம் நிற்கும். அதன் முகங்களில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அது அளவுகோல் மட்டுமன்று, திசைகாட்டியும்கூட. கல்லின் எந்த முகம் மேல், எந்த முகம் கீழ், எது வடக்கு என்று ஆய்வகத்தார் முடிவு செய்துகொண்ட பெயர்களையே அந்த எழுத்துகள் சுட்டுகின்றன. கல்லைத் திருப்பித் திருப்பி எடுத்த படங்களில் கனசதுரமும் கூடவே திரும்பும். இரண்டு படங்களை அருகருகே திறந்து வைத்து, கனசதுரத்தின் எழுத்தைக் கொண்டு முகங்களை ஒட்டிப் பார்ப்பது முதல் பயிற்சி. சில கற்களை முப்பரிமாண உருவமாகவே சுழற்றிப் பார்க்கும் வசதியையும் நாசா இணையத்தில் அளிக்கிறது. தொடக்கத்தில் அதைத் தவிர்த்துவிட்டுப் பழைய படங்களோடு பழகுவதே நல்லது என்பேன். சுழற்றுவது எளிதாக இருப்பதாலேயே கண் எங்கும் நிற்பதில்லை.

தோலைப் பாருங்கள்

நிலவுக்கல்லில் பூமிக்கல்லில் காணவே முடியாத ஒன்று அதன் தோலில் இருக்கிறது. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். அறுத்த தட்டையான முகத்தை விட்டுவிட்டு, இயல்பாக உருண்டு மழுங்கிய முகத்துக்கு லென்ஸைக் கொண்டுபோங்கள். குண்டூசித் தலை அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் வட்டவட்டமான குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியின் உள்ளும் கண்ணாடி பூசியது போலப் பளபளக்கும். அதைச் சுற்றி நொறுங்கி வெளுத்த ஒரு வளையம் இருக்கும். தோசைக்கல்லில் விழுந்த எண்ணெய்த் துளியைச் சுற்றி வளையம் படர்வது நினைவுக்கு வரலாம். ஆய்வகத்தார் இவற்றை 'ஸாப் பிட்' என்பார்கள்.

காற்று இல்லாத நிலவில், தூசியளவுள்ள நுண்விண்கற்கள்கூட வேகம் குறையாமல், நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து கல்லில் மோதுகின்றன. மோதிய இடம் உருகிக் கண்ணாடியாகிறது, சுற்றுப்புறம் நொறுங்குகிறது. பூமியில் அதே தூசி காற்றில் வேகமிழந்துவிடும், பெரும்பாலும் எரிந்தும் போகும். இங்குள்ள எந்த மலையிலும் இப்படி ஒரு குழியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இனி கேட்க வேண்டியது, குழிகள் எல்லா முகங்களிலும் இருக்கின்றனவா என்பது. மண்ணுக்கு மேலே வானத்தைப் பார்த்துக் கிடந்த முகத்தில்தான் குழி விழும். புதைந்திருந்த முகம் வழவழப்பாகவோ மண் ஒட்டியோ இருக்கும். ஆகவே குழிகள் முடியும் கோட்டை விரலால் தொடராமல் கண்ணால் தொடர்ந்தால், அந்தக் கல் நிலாத் தரையில் எவ்வளவு ஆழம் புதைந்து கிடந்தது என்பதைச் சொல்லிவிடலாம். எல்லாப் பக்கமும் குழி இருந்தால், இன்னொரு விண்கல் தாக்கியதில் அது எப்போதோ புரண்டிருக்க வேண்டும். வெளியே எவ்வளவு காலம் கிடந்தது என்பதைக் கணக்கிட இன்னொரு வழி, காஸ்மிக் கதிர்கள் கனிமங்களுக்குள் விட்டுச்சென்ற தடங்களையும் தனிமங்களையும் அளப்பது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தேவேந்திர லாலின் குழு அப்பல்லோ மாதிரிகளில் இந்தத் தடங்களை ஆராய்ந்தது. கிண்ணக்குழி தோன்றியபோது வெளியே வீசப்பட்ட கற்களில் செய்த இந்த வகைக் கணக்கில்தான் அப்பல்லோ 16 இறங்கிய பகுதியிலுள்ள தென் ரே கிண்ணக்குழிக்கு ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டும் வட ரே கிண்ணக்குழிக்கு ஏறத்தாழ 5 கோடி ஆண்டும் வயது என்று தெரியவந்தது.

தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் கல்லில் இவற்றைத் தேடாதீர்கள். வாஷிங்டனிலுள்ள தேசிய வான்வெளி அருங்காட்சியகத்தில் பார்வையாளர் தொடுவதற்கென்று வைத்திருப்பது 70215 என்ற கல்லிலிருந்து அறுத்த துண்டு. அறுத்த முகம், அதன்மேல் பல பத்தாண்டுகளாக விரல்கள் தேய்த்த வழவழப்பு. கோவில் படியைப் போலத் தேய்ந்துவிட்ட அந்த முகம் நிலவைப் பற்றிச் சொல்வதைவிட நம்மைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். தொட்டு மகிழலாம், படிக்க உதவாது.

கருப்பா, வெளுப்பா, கதம்பமா

அடுத்து நிறம். நிலவுக்கற்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். நிலவின் முகத்தில் நாம் முயல் என்று காட்டும் கரும்பகுதிகள் எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். அங்கிருந்து வந்தவை கருமையான பசால்ட்டுகள். வெளுப்பான மேட்டு நிலத்திலிருந்து வந்தவற்றில் அனார்தோசைட் என்னும் வெள்ளைப் பாறை முதன்மையானது. இவை இரண்டையும் மற்றவற்றையும் விண்கற்கள் இடித்து நொறுக்கி, அந்த வெப்பத்திலேயே ஒட்டவைத்த கதம்பம் பிரெச்சியா. கறுப்பு அடித்தளத்தில் வெள்ளைத் துண்டுகளும், அந்தத் துண்டுகளுக்குள்ளேயே வேறு துண்டுகளும் தெரிந்தால் அது பிரெச்சியா. அப்பல்லோ 14 கொண்டுவந்த, ஏறத்தாழ 9 கிலோ எடையுள்ள 14321 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பசால்ட்டில் லென்ஸை வைத்தால் மூன்று பொருள்கள் பிரிந்து தெரியும்: பழுப்பு நிறப் பைராக்சின், வெள்ளைக் கோடுகளாக பிளேஜியோகிளேஸ், உலோகம் போலப் பளிச்சிடும் கருந்தகடுகளாக இல்மனைட். கடைசியாகச் சொன்னது நமக்கு அந்நியமன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் அதே இரும்பு டைட்டானியம் ஆக்சைடுதான். அப்பல்லோ 11, 17 ஆகியவற்றின் பசால்ட்டுகளில் இது மிகுதி. 12, 15 ஆகியவற்றின் பசால்ட்டுகளில் குறைவு. எனவே கருந்தகடுகள் அடர்ந்திருந்தால் எண்ணைப் பார்க்காமலே கல்லின் ஊரை ஓரளவு ஊகிக்கலாம். ஊகித்துவிட்டுப் பிறகு எண்ணோடு ஒப்பிடுவது நல்ல விளையாட்டு.

சில பசால்ட்டுகள் ஆப்பம் போலத் துளைத்துளையாக இருக்கும். குழம்பு உறையும்போது உள்ளிருந்த வாயு குமிழிட்டதன் தடயம் அது. அந்த வாயு பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு என்று கருதப்படுகிறது. அப்படித் துளைகள் நிறைந்த 15016 என்ற கல்லை எடுப்பதற்காக, நிற்பதற்கு நேரமில்லாத இடத்தில் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் இருக்கைப் பட்டை சரியில்லை என்று சாக்குச் சொல்லி, நிலவில் ஓட்டிய வண்டியை நிறுத்தினார். அதனால் அதற்கு 'சீட் பெல்ட் கல்' என்றே பெயர் நிலைத்தது. இந்தக் குமிழ்த்துளைகளையும் தோலிலுள்ள குழிகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குமிழ் கல்லின் உள்ளேயும் இருக்கும்; அதைச் சுற்றி வெண்வளையம் இராது.

முப்பது மைக்ரான் சீவல்

கல்லை முப்பது மைக்ரான், அதாவது 0.03 மில்லிமீட்டர், தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் ஒளி ஊடுருவும். அந்த மெல்சீவலை முனைவாக்கிய (ஒரே திசையில் மட்டும் அதிரும்) ஒளியில் நுண்ணோக்கியால் பார்ப்பதுதான் பாறையியலாரின் அன்றாட வேலை. பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டி, அப்பல்லோ மெல்சீவல்கள் பலவற்றை இணைய நுண்ணோக்கியாக வைத்திருக்கிறது, கட்டணமில்லை. அதில் 70017ஐயோ 15415ஐயோ தேடுங்கள். கிடைக்காவிட்டால் அதே பயணத்தின் வேறொரு கல்லைத் திறங்கள்.

முதலில் சாதாரண ஒளியில் பாருங்கள். முழுக்கக் கருப்பாக நிற்பவை இல்மனைட்டும் உலோகத் துகள்களும், நிறமற்றவை பிளேஜியோகிளேஸ், வெளிர் பழுப்போ இளஞ்சிவப்போ கொண்டவை பைராக்சின். பிறகு குறுக்கு முனைவாக்கத்துக்கு மாற்றுங்கள். பைராக்சின் மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று வண்ணம் காட்டும். பிளேஜியோகிளேஸ் சாம்பலும் வெள்ளையுமாக, ஒழுங்கான கறுப்புப் பட்டைகளோடு நிற்கும். சுழற்றும் பொத்தானை அழுத்திச் சுழற்றினால் அந்தப் பட்டைகளில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இடம் மாறும். எவ்வளவு சுழற்றினாலும் கறுப்பாகவே இருக்கும் நிறமற்ற பகுதி எங்காவது தென்பட்டால் அங்கே நில்லுங்கள். அது பெரும்பாலும் ஒருகாலத்தில் பிளேஜியோகிளேஸாக இருந்து, விண்கல் மோதிய அதிர்ச்சியில் படிக ஒழுங்கை இழந்துவிட்டது; மாஸ்கலினைட் என்று பெயர். முன்னே சொன்ன 61016இல் இது உண்டு.

இந்தச் சீவல்களில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைப்பது வண்ணமன்று, தெளிவு. பூமியின் பழம்பாறையில் ஃபெல்ட்ஸ்பார் மணிகள் (பிளேஜியோகிளேஸ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே) பெரும்பாலும் கலங்கிய கண்ணாடி போல மங்கியிருக்கும். நீர் புகுந்து அரித்துக் களிமண்ணாக மாற்றத் தொடங்கியிருக்கும். 370 கோடி ஆண்டு வயதுள்ள நிலவு பசால்ட்டிலோ அதே கனிமம் நேற்று உறைந்தது போலத் துலக்கமாக இருக்கிறது.

இல்லாதவற்றைத் தேடுங்கள்

அந்தத் தெளிவிலிருந்தே அடுத்த படி தொடங்குகிறது. நிலவுக்கல்லை அடையாளம் காண்பதில் இருப்பதைவிட இல்லாததற்கே எடை அதிகம். களிமண் இல்லை, சுண்ணாம்புக் கால்சைட் இல்லை, மைக்கா போன்ற நீரேறிய கனிமம் ஏறக்குறைய இல்லை, நம் ஆற்றுமணலெங்கும் கிடக்கும் குவார்ட்ஸ் மிக அரிது. இரும்பு இருக்கிறது, ஆனால் செந்துருவாக இல்லை. சிறு உலோகத் துகளாகவே மின்னிக்கொண்டிருக்கிறது. 2008இல் ஆரஞ்சு மண்ணின் எரிமலைக் கண்ணாடி மணிகளுக்குள் நுண்ணளவு நீர் கண்டறியப்பட்டது உண்மைதான். ஆனால் அது நுண்பகுப்புக் கருவிக்குத் தெரியும் நீர், லென்ஸுக்குத் தெரிவதன்று.

விதிக்கு ஒரு விலக்கைச் சொல்லாமல் விடக்கூடாது. அப்பல்லோ 16 கொண்டுவந்த 66095இல் துருக்கறை இருக்கிறது. 'துருப்பிடித்த கல்' என்றே அதை அழைக்கிறார்கள். அந்தத் துரு நிலவிலேயே பிடித்ததா, குளோரின் கலந்த இரும்புச் சேர்மத்தில் பூமிக் காற்றின் ஈரம் பட்டதால் வந்ததா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. மற்ற கற்களை ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தில் தூய நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகளுக்குள் பூட்டி வைத்து, கையுறை வழியாகவே கையாள்வதும், அறுக்கும்போது நீர் ஊற்றாமல் உலர்வாகவே அறுப்பதும் இத்தகைய வாதத்துக்கே இடம் கொடுக்காமல் இருப்பதற்காகத்தான்.

இந்த 'இல்லாதவை' தேர்வை ஒருவர் செய்திருந்தால் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கடம் நேர்ந்திராது. 1969இல் நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் வில்லெம் ட்ரேஸுக்கு அமெரிக்கத் தூதர் வழியாகக் கிடைத்ததாகக் கருதப்பட்ட ஒரு கல், அவர் மறைவுக்குப் பின் ரைக்ஸ்மியூசியம் என்னும் அருங்காட்சியகத்துக்கு வந்து நிலவுக்கல் என்று பதிவானது. 2009இல் சோதித்தபோது அது கல்லாய்ச் சமைந்த மரத்துண்டு என்று தெரிந்தது. கல்மரம் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். அந்தத் துண்டின் நிறமோ செம்மை. திருவக்கரைக் கல்மரப் பூங்காவைச் சுற்றிப் பார்த்த பள்ளிப்பிள்ளை ஒருவர்கூட ஐயப்பட்டிருப்பார்.

நாடுகளுக்கு உண்மையாகவே வழங்கப்பட்டவற்றை இனங்காண்பது எளிது. அப்பல்லோ 11க்குப் பின் கொடுத்த பலகையில் நான்கு சிறு துகள்கள், மொத்தம் 0.05 கிராம் அளவில், பிளாஸ்டிக் பொத்தானுக்குள் இருக்கும். அப்பல்லோ 17க்குப் பின் கொடுத்ததில் 70017 என்ற கல்லின் ஒரு துண்டு, ஏறத்தாழ 1.1 கிராம், ஒளிபுகும் உருண்டைக்குள் இருக்கும். அந்த உருண்டையே லென்ஸாகிக் கல்லைப் பெரிதாக்கிக் காட்டும். அளவைக் கண்ணால் நம்பாதீர்கள்.

யாராவது விற்க வந்தால்

அப்பல்லோ கொண்டுவந்த கற்கள் அமெரிக்க அரசின் உடைமை. அன்பளிப்பாகப் பெற்றவை அந்தந்த நாடுகளுக்கு உரியவை. தனியாரிடம் விலைக்குக் கிடைப்பதாகச் சொன்னால் அது போலியாகவோ திருட்டாகவோ இருக்கும் என்றே தொடங்குங்கள். ஹோண்டுராஸுக்கு வழங்கிய துண்டு களவுபோய், 50 லட்சம் டாலர் விலை பேசப்பட்டபோது, 1998இல் அமெரிக்க அதிகாரிகள் வாங்குவோர் போல நடித்து அதை மீட்டார்கள். சோவியத்தின் ஆளில்லாக் கலம் லூனா 16 கொண்டுவந்த சில மணிகள் 1993இல் நியூயார்க்கில் சட்டப்படி ஏலம் போனது தனிக்கதை. நிலவிலிருந்து தானாக வந்து விழுந்த விண்கற்களை வாங்குவது பல நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் அவை காற்றில் உருகிய கருந்தோலோடு வருபவை, தோலில் அந்தக் கண்ணாடிக் குழிகள் இரா.

கையில் ஒரு கல், திரையில் ஒரு கல்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு வேறெங்கும் எளிதில் அமையாத ஒரு பயிற்சி உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் அனார்தோசைட் பாறை வெளியே தெரிகிறது. சந்திரயான் 2க்காக இறங்குகலத்தையும் உலாவியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் போன்ற மண் வேண்டியிருந்தபோது, சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் எடுத்த இந்தப் பாறையை அரைத்துத்தான் தயாரித்தார்கள். அந்த முறைக்குக் காப்புரிமையும் பெற்றார்கள். அந்தப் பாறையில் ஒரு துண்டு உங்கள் கல்லூரி நிலவியல் துறையில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அதை மேசையில் வைத்துக்கொண்டு திரையில் 15415ஐத் திறங்கள். 1971 ஆகஸ்ட் 1 அன்று ஸ்பர் கிண்ணக்குழியின் ஓரத்தில் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் எடுத்த 269 கிராம் வெள்ளைக்கல் அது. "எதைத் தேடி வந்தோமோ அதைக் கண்டுவிட்டோம் என்று நினைக்கிறேன்" என்று ஸ்காட் ஹூஸ்டனுக்குச் சொன்னது அதைப் பார்த்துத்தான். நிலவு முழுவதும் உருகிய குழம்புக் கடலாக இருந்த காலத்தில், எடை குறைந்த பிளேஜியோகிளேஸ் பாலாடை போல மேலே மிதந்து உறைந்ததே நிலவின் முதல் மேலோடு என்ற கருத்துக்கு இத்தகைய கற்களே சான்று. 2023இல் இறங்கிய சந்திரயான் 3இன் பிரக்யான் உலாவி அளந்த மண்ணின் சேர்க்கையும் இந்தப் பாறைவகையோடு ஒத்துப்போகிறது.

இரண்டிலும் ஏறக்குறைய ஒரே கனிமம், கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளை. கலவையை மட்டும் படித்தால் இரண்டும் உறவு. இப்போது லென்ஸைச் சித்தம்பூண்டிக் கல்லின்மேல் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். வெள்ளை மணிகளுக்கிடையே கரும்பச்சையாக, நீள வாட்டத்தில், பளபளக்கும் முகத்தோடு சில படிகங்கள் தெரியும். அவை ஹார்ன்பிளெண்ட், உருவாகும்போதே தன் கட்டமைப்புக்குள் நீரைச் சேர்த்துக்கொண்ட கனிமம். திரையிலுள்ள கல்லின் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி அதைத் தேடுங்கள், கிடைக்காது.